கட்டி முடித்த மோட்டார்

என் பெயரில் ஒரு மோட்டார் சைக்கிள் இன்னும் கடனில் நிற்கிறது என்று எனக்குச் சொன்னவர், ஜேபி என்று நாங்கள் சொல்லும் ஜொகூர் பாருவில் ஒரு வங்கியின் வீட்டுக்கடன் அதிகாரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். தமிழர். விண்ணப்பம் கொடுத்த நாளில் மலாயில் மட்டும் பேசியவர், அன்று கணினித் திரையைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். அந்த மாற்றமே நல்ல சகுனமாகப் படவில்லை.

"தம்பி, மோட்டார் லோன் ஒண்ணு இருக்கே."

"அது முடிஞ்சிருச்சுண்ணே. ரொம்ப நாளாச்சு."

"முடியலையே. மூணு மாசம் பாக்கின்னு காட்டுது."

"வண்டியே இப்ப எங்ககிட்ட இல்லண்ணே. வித்தாச்சு."

"வண்டி இல்லாம இருக்கலாம். லோன் இருக்குல்ல?" என்று சொல்லித் திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பினார். "இத வச்சுக்கிட்டு நான் மேல அனுப்புனா, போன வேகத்துல திரும்பி வந்துரும்லா. மொதல்ல இத சரி பண்ணிட்டு வாங்க. உங்க ஃபைல நான் கீழ போடாம வச்சிருக்கேன்."

நான் வாங்க நினைத்தது கெலாங் பாத்தாவில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு. இரண்டு அறை, முதல் மாடி. துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் ஆவணங்கள் தயாரிக்கும் வேலை எனக்கு, அங்கிருந்து பக்கம். ஆனால் வீடு எனக்காக இல்லை. பாலோவில் என் பெற்றோர் இருந்த தோட்டத்தின் அந்தப் பகுதியை விற்றுவிட்டார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை ஆண்டு முடிவதற்குள் காலி செய்யவேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. பக்கத்து வீடுகளில் பாதி ஏற்கெனவே பூட்டிக் கிடந்தன. என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் போக வேறு இடம் கிடையாது. வீட்டை விற்கும் சீனப் பாட்டி நல்லவர்தான். வங்கியின் பதில் வரும்வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அவருடைய மகன் பொறுமையில்லாதவர். வேறு ஆள் கையில் பணத்தோடு இருக்கிறார் என்று இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

என் கடன் அறிக்கையின் பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு கீழே வந்து, தேநீர்க் கடையில் தே தாரேக் சொல்லிவிட்டு உட்கார்ந்து படித்தேன். என் படிப்புக் கடன் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே மோட்டார். மாதத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே எண், மூன்று. உண்மையிலேயே கட்டாமல் விட்டிருந்தால் அந்த எண் மாதாமாதம் ஏறியிருக்கவேண்டும். இது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடன் கொடுத்த நிறுவனத்தை இடையில் வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டதும் எனக்குத் தெரியும். கணக்கை மாற்றி எழுதும்போது எங்கேயோ உறைந்துபோயிருக்கிறது, மூடவேண்டியவர்கள் மூட மறந்துவிட்டார்கள் என்று முடிவுக்கு வந்தேன். அதில் பாதிதான் சரி என்று பிறகு தெரிந்தது.

அந்த மோட்டாரை நான் ஓட்டியதே குறைவு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதனால் ஒரு வழக்கம் தானாக வந்துவிட்டது: கையெழுத்து தேவைப்படும் எதுவும் என் பெயரில். மின்சாரக் கட்டணம், தொலைக்காட்சி, அத்தையின் கைப்பேசி எண்கூட. பாலிடெக்னிக்குக்குப் போகுமுன் கொஞ்ச காலம் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது என் கையில் சம்பளச் சீட்டு இருந்தது. அப்பா அப்போது குத்தகைக்காரரிடம் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்குச் சம்பளம் கையில்தான், சீட்டு கிடையாது. மோட்டார் கடையின் தவுக்கே, அதாவது முதலாளி, என் சீட்டைப் பார்த்தார், என் அடையாள அட்டையைப் பார்த்தார், வண்டிச் சாவியை அப்பாவிடம் கொடுத்தார். மாதத் தவணையை அப்பாதான் கட்டினார்.

தேநீர்க் கடையிலிருந்தே வீட்டுக்கு போன் செய்தேன்.

"அம்மா, மோட்டார் லோன் முடிஞ்சதுக்கு ஒரு லெட்டர் வந்துச்சுல்ல, அது எங்க?"

"எந்த லெட்டரு?"

"வெள்ளை கவர்ல. நான் அப்ப ஜேபில இருந்தேன். வந்திருக்குன்னு நீங்கதான் போன் பண்ணி சொன்னீங்க."

"ஓ, அதுவா. அத அன்னிக்கே எரிச்சாச்சே."

"எரிச்சீங்களா?"

"பின்ன? கடன் கடுதாசிய வீட்டுல வச்சு பூசையா பண்ணுவாங்க?"

"கட்டுன ரசீது? அந்தப் புக்கு?"

"எல்லாத்தையுந்தான். ஒரு சாண் ஒசரம் இருந்துச்சு. வாசல்ல கற்பூரம் வச்சு கொளுத்தினேன். உங்கப்பாவும் கூட நின்னாரு."

"அது கடன் கடுதாசி இல்லம்மா. கடன் முடிஞ்சிருச்சுன்னு அவங்க கொடுத்த அத்தாட்சி."

"அதுல கடன்னு எழுதியிருந்துச்சா, இல்லையா?"

எழுதியிருந்திருக்கும்.

அம்மாவின் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. தோட்டத்தில் கடன் என்றால் வட்டிக்கு விடுபவரிடம் ஒரு துண்டுச் சீட்டில் கைநாட்டு வைத்து வாங்குவது. திருப்பிக் கொடுத்த அன்று அவர் அந்தச் சீட்டை உங்கள் கண்முன் கிழிக்கவேண்டும். கிழிக்காவிட்டால் அதே சீட்டை வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்பார். கிழித்த சீட்டை வாங்கிவந்து வாசலில் எரித்துவிட்டுத்தான் தலை முழுகுவார்கள். காகிதம் இருந்தால் கடன் இருக்கிறது, காகிதம் போனால் கடன் போயிற்று. வங்கியில் இது நேர் எதிர். முடிந்த பிறகுதான் காகிதம் முக்கியம். இதை யாரும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டிய பக்கத்து வீட்டுப் பெண் "முடிஞ்சிருச்சாம் அக்கா" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அடியில் 'பத்திரமாக வைத்துக்கொள்ளவும்' என்று ஒரு வரி இருந்திருக்கும். எப்போதும் இருக்கும்.

"அப்பா எப்பவாவது கட்டாம விட்டாரா?" என்று கேட்டேன்.

"உங்கப்பாவா? சோறில்லாட்டியும் அதக் கட்டிருவாரு" என்றார் அம்மா.

அறிக்கை தயாரிப்பவர்களிடம் முதலில் கேட்டேன். கடன் கொடுத்தவர் அனுப்பும் விவரத்தைத்தான் நாங்கள் அச்சிடுகிறோம், திருத்தவேண்டியது அவர்கள், ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அது நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் மாலையில் உட்கார்ந்து மலாயில் ஒரு கடிதம் எழுதினேன். விடுப்பு எடுத்துக்கொண்டு, பழைய நிறுவனத்தை வாங்கிய நிறுவனத்தின் கிளைக்குப் போனேன்.

முகப்பில் இருந்த மலாய் அக்கா என் கடிதத்தைப் புரட்டினார். மூன்று பக்கம்.

"அலமாக், அடிக்!" என்று என்னைத் தம்பியாக்கிக்கொண்டு மலாயில் கேட்டார். "இது கடிதமா, பரீட்சைக் கட்டுரையா?"

நான் தோட்டத்தில் பிறந்தது, குடும்பத்தில் முதலில் படித்தது, பெற்றோர் வீட்டைக் காலி செய்யவேண்டியிருப்பது எல்லாம் அதில் இருந்தன. அவர் கோபமாக இல்லை. பேனாவை எடுத்துப் பிறப்பையும் படிப்பையும் ஒரே கோட்டில் அடித்தார். வீட்டையும் அடித்தார். கடைசியில் கணக்கு எண், வண்டி எண், 'முடிந்த கணக்கு, திருத்தவும்' என்ற ஒரு வரி, என் கையெழுத்து, இவ்வளவுதான் மிஞ்சின.

"இத வேற தாள்ல எழுதிக் கொடு. கணக்கு முடிஞ்ச கடிதம் எங்க?"

"இல்லை."

"தொலைஞ்சுபோச்சா?"

"எரிச்சுட்டாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு?"

"அம்மா."

"கோபத்துலயா?"

"சந்தோஷத்துல."

அவருக்கு அது புரியவில்லை. விளக்க எனக்கும் மலாயில் சொல் வரவில்லை. பழைய கோப்புகள் தலைமையகக் கிடங்கில் இருக்கின்றன, தேடி எடுக்க மாதங்கள் ஆகும் என்றார். சீனப் பாட்டியின் மகன் நினைவுக்கு வந்தார். எழுந்திருக்கப் போனபோது அந்த அக்காவே கேட்டார்.

"வண்டி இப்ப உன் பேர்லயா இருக்கு?"

"இல்ல, வித்தாச்சு. பேர் மாத்தியாச்சு."

"கடன் பாக்கி இருந்தா பேர் மாத்தவே முடியாதே. நாங்க உரிமையை விட்டுக்கொடுத்தாதான் வாகனப் பதிவு இலாகா மாத்தும். ஒரு கை விட்டிருக்கு, இன்னொரு கை எழுத மறந்திருக்கு. இப்ப வச்சிருக்கிறவர்கிட்ட கெரானோட நகல் வாங்கிட்டு வா. அதுல தேதி இருக்கும். அது போதும், நான் தேடச் சொல்றேன்."

கெரான் என்பது வண்டியின் பதிவு அட்டை. அது யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தாய்மாமாவிடம். அம்மாவின் தம்பி, பாலோவிலேயே பள்ளி வேன் ஓட்டுபவர். கடன் முடிந்த கையோடு அப்பா வண்டியை அவருக்குத்தான் விற்றார். வாங்கிய சில நாளிலேயே குளுவாங் போகும் வழியில் இஞ்சின் நின்றுபோனது. மாமா அதைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். வந்த சூட்டில், கோயில் அன்னதானப் பந்தியில் ஊரே உட்கார்ந்திருக்கும்போது, "எங்க மச்சான் எனக்குப் பொணத்த வித்துட்டாரு" என்று சொல்லிவிட்டார். பந்தி சிரித்தது. அப்பா பாதி இலையில் எழுந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அம்மா மட்டும் தம்பி வீட்டுக்குப் போய்வருவார்.

ஞாயிற்றுக்கிழமை பாலோவுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அப்பா ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு என் காரில் வந்து ஏறினார். மாமா வீட்டு வாசலில், "நீ போய்க் கேளு" என்று சொல்லிவிட்டு காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டார்.

மோட்டார் வாசலில்தான் நின்றது. மாமா அதைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள, பசியாறிட்டீங்களா? ஜேபி காத்து நல்லா ஒத்துக்கிச்சு போல." கார்ப்பக்கம் பார்த்தார், பார்க்காததுபோல் திரும்பினார். "என்ன, பொணத்த திருப்பி எடுத்துக்க வந்தீங்களா?"

"இல்ல மாமா. கெரான் வேணும். ஒரு நகல் மட்டும்."

காரணத்தைச் சொன்னேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"அப்ப என் பேரு பேங்க்குக்குப் போவும்?"

"பேரைப் பார்ப்பாங்க. அவ்வளவுதான்."

"பாப்பாங்கன்னா? இன்னிக்குப் பாப்பாங்க. நாளைக்கு அந்தக் கடன் எனக்கு ஒட்டிக்கிச்சுன்னா? வண்டி எங்கிட்டதான இருக்கு."

"அப்படி ஒட்டாது மாமா."

"உங்களுக்கு ஒட்டியிருக்கே மாப்ள. கட்டி முடிச்ச கடனே உங்கள விடல. நீங்க படிச்சவரு. எனக்கெல்லாம் ஒட்டுனா யாரு போயி இங்கிலீஸுல எழுதுறது?"

ஐந்து ஆண்டு ஆவணங்களோடு வேலை பார்த்திருந்தேன், ஒரு நகல் எடுத்தால் ஆபத்தில்லை என்று ஒருவரை நம்பவைக்கத் தெரியவில்லை. மாமி உள்ளிருந்து, "கொடுத்துத் தொலைங்களேன்" என்றார். "நீ சும்மா இரு, உனக்கென்ன தெரியும்" என்றார் மாமா. கடைசியாக, "யோசிச்சுச் சொல்றேன் மாப்ள. அடுத்த வாரம் வாங்க" என்று வாளியைத் தூக்கினார்.

கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அப்பா வேலி வரைக்கும் வந்தார். உள்ளே வரவில்லை.

"மச்சான்."

மாமா நின்றார்.

"அது சும்மா ஒட்டல. மூணு மாசம் நான் கட்டல." அப்பா வேலிக் கம்பியைப் பிடித்திருந்தார். "குலை விழுந்து கையி ஒடிஞ்சு கெடந்தேன்ல, அப்ப. அப்புறம் எல்லாத்தையும் சேத்துக் கட்டிட்டேன். ஆனா அந்த மூணு அங்கயே நின்னுக்கிச்சு போல. பையன் பேருல நிக்குது."

இது எனக்கும் புதிது. அறிக்கையில் இருந்த மூன்று கற்பனை இல்லை. அது ஒரு காலத்தில் உண்மையாக இருந்து, முடிந்த பிறகும் போகாமல் நின்றது. அப்பா என் பக்கம் பார்க்கவில்லை.

மாமா வாளியை வைத்தார்.

"கையி ஒடிஞ்சு கெடந்தப்ப நான் தெனமும் வந்து பாத்தேனா, இல்லையா?"

"வந்த."

"அப்ப சொல்றதுக்கென்ன?"

"என்னத்த சொல்ல?"

"கட்டலன்னு சொல்றது. நான் இல்லன்னா சொல்லியிருப்பேன்? பொணத்த விக்கத் தெரிஞ்சுது, அத சொல்லத் தெரியல."

"அது நல்ல வண்டிதான். நீ எண்ணெ மாத்தாம ஓட்டுன."

"நானா எண்ணெ மாத்தல?"

கொஞ்ச நேரம் எண்ணெயைப் பற்றியே சத்தம் போட்டார்கள். மாமி மூன்று கிளாஸ் தேநீரை வேலிக்கருகில் கொண்டுவந்து நீட்டினார். அப்பா அங்கேயே நின்று குடித்தார்.

மாமா கெரானை எடுத்துவந்தார். என் கையில் தரவில்லை. பிளாஸ்டிக் உறையோடு சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"நானே வாரேன் கடைக்கு. இது என் கண்ண விட்டுப் போவாது." மோட்டாரை உதைத்துக் கிளப்பினார். அப்பாவைப் பார்த்து, "ஏறுங்க மச்சான். பயப்படாதீங்க, நிக்காது. இஞ்சின மாத்தியாச்சு" என்றார்.

அப்பா தயங்கிவிட்டு ஏறினார். நான் காரில் அவர்கள் பின்னால் போனேன். நகல் கடையில் மாமா இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று, அட்டை வெளியே வந்ததும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு கடைக்காரரிடம் பேனா கேட்டு வாங்கி, நகலின் குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். கோடுகளுக்கு நடுவில் மலாயில் எழுதச் சொன்னார். 'இந்த ஒரு காரியத்துக்கு மட்டும்' என்று நான் எழுதினேன். அவர் அதை இரண்டு முறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். நகலை வேறு எதற்கும் பயன்படுத்தவிடாத இந்தக் கோட்டை என் அலுவலகத்தில் பெரிய படிப்புப் படித்தவர்களும் மறந்துவிடுவார்கள்.

திரும்பி வரும்போது காரில் அப்பா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்.

"அம்மாகிட்ட சொல்லாத."

சொல்லவில்லை. ஆனால் பாலோவில் மாமிக்குத் தெரிந்த விஷயம் அம்மாவுக்குப் போய்ச் சேர அரை நாள் போதும்.

நகலைக் கொடுத்த பிறகு விஷயம் வேகமாக நடந்தது. அந்த அக்கா தேதியை வைத்துக் கணக்கைக் கண்டுபிடிக்கச் சொன்னார். கடன் முடிந்ததை உறுதிப்படுத்தும் புதிய கடிதம் ஒன்று வந்தது. அடுத்த மாத அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். மோட்டார் இல்லை. அந்த மூன்று மட்டும் இல்லாமல் போகவில்லை, முழு மோட்டாரும் போய்விட்டது. முடிந்த கணக்கை அறிக்கை காட்டுவதில்லை. அப்பா கட்டாமல் விட்டதற்கும் அதில் சாட்சி இல்லை. கை சரியானதும் சேர்த்துச் சேர்த்துக் கட்டினாரே, அதற்கும் சாட்சி இல்லை. அறிக்கையைப் பொறுத்தவரை அப்படி ஒரு வண்டி எங்கள் வீட்டு வாசலில் நின்றதே கிடையாது.

அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன்.

"இப்ப என்ன போட்டிருக்கான்?"

"ஒண்ணும் போடலப்பா."

"ஒண்ணுமே போடலயா?"

"ஒண்ணுமே இல்ல."

"கட்டினேன்னு கூட போடலயா?" என்று கேட்டுவிட்டு, "சரி, போவட்டும்" என்றார்.

வீட்டுக்கடன் அதிகாரி சொன்னபடி என் கோப்பைக் கீழே போடாமல் வைத்திருந்தார். இந்த முறை மேலே போனது திரும்பி வரவில்லை. சீனப் பாட்டியின் மகன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பாட்டி சமையலறை அலமாரியை அம்மாவுக்காக விட்டுப்போனார்.

லாரி வந்த காலையில் லயத்து வீடு காலியாக இருந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அந்த லெட்டரு எங்க? புதுசா வந்துச்சே."

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னு தெரியாத மாதிரி கேக்காத. அத அங்க கொண்டாந்து வைக்கப் போறியா? கடன் இங்க வந்துச்சு, இங்கயே போவட்டும். நகல் எடுத்து வச்சிருக்கேல்ல, அது போதும் உனக்கு."

நகல் எடுத்து வைத்திருந்தேன். இரண்டு. வங்கியிலும் அசல் விவரம் பதிவாகிவிட்டது. மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. காரிலிருந்து கடிதத்தை எடுத்துவந்து கொடுத்தேன். வாசலில் கற்பூரத்தை ஏற்றி, கடிதத்தின் ஓரத்தை அதில் காட்டினார். சாமான் ஏற்ற வந்திருந்த மாமா, "மூணு மாசமும் சேந்து போவட்டும்" என்றார். அப்பா அவரை முறைத்தார். அம்மா நெருப்பைப் பார்த்தபடியே, "எனக்கு அன்னிக்கே தெரியும். பாக்கி கட்ட உங்கப்பா அடகு வச்ச நகையை எண்ணிப் பாக்காமலா இருப்பேன்" என்றார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

கெலாங் பாத்தா வீட்டில், சாமி படங்களை மாட்டிய பிறகு, வீட்டுக்கடன் ஒப்பந்தத்தின் தடித்த கோப்பை அம்மா என் கையில் பார்த்தார்.

"இது எத்தன வருசம்?"

"முப்பத்தஞ்சு."

"அப்ப எரிக்கறதுக்கு நான் இருக்க மாட்டேன்" என்றார், சமையலறைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டே. "இத வீட்டுக்குள்ள வைக்காத. கட்டிக்கிட்டிருக்கற கடனுக்கு இங்க எடமில்ல."

கோப்பு என் அலுவலக மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. அதன்மேல் மோட்டார் கடிதத்தின் நகல் இரண்டு. கெரான் நகலின் இன்னொரு பிரதியும் இருக்கிறது, குறுக்கே மாமா இழுத்த கோடுகளோடு. ஒன்று கொஞ்சம் கோணல்.